பாகம் யார் வாங்கினாலும் உழைப்புக்கு விலை உண்டு

காரின் உரிமையாளர் தாமே உதிரிபாகம் வாங்கிக் கொண்டுவந்து, பழுதுநீக்கும் பட்டறையில் கொடுத்து அதைப் பொருத்தித் தருமாறு கேட்கும் வழக்கம், ராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் வட சென்னைத் துறைமுக, தொழிற்பகுதிக்குப் புதியதல்ல. ஆனாலும் அந்த வழக்கத்தை எல்லாப் பட்டறைகளும் ஒரே விதமாக ஏற்பதில்லை. சில பட்டறைகள் ‘லேபர்’ எனப்படும் வேலைக்கூலியை மட்டும் பெற்றுக்கொண்டு பொருத்தித் தருகின்றன. சில, பொருத்தித் தந்தாலும் ‘கேரண்டி கிடையாது’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. கார் நிறுவனங்களின் அங்கீகாரம் பெற்ற சேவை மையங்கள் வெளியிலிருந்து வரும் பாகத்தைப் பெரும்பாலும் தொடுவதில்லை. தம் பணத்தைத் தாம் விரும்பியவாறு செலவிடும் உரிமை மறுக்கப்படுவதாக உரிமையாளர் கருதுகிறார். தம் பிழைப்பில் கை வைக்கப்படுவதாகப் பட்டறைக்காரர் கருதுகிறார். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. மெக்கானிக்கின் கைத்திறனுக்கும் நேரத்துக்கும் வெளிப்படையான விலை இல்லாமல், அந்த விலை பாகத்தின் விலைக்குள் மறைத்து வைக்கப்பட்டிருப்பதுதான் இந்தப் பிணக்கின் வேர். அதைத் தனியே பிரித்து எழுதும் பழக்கம் வந்துவிட்டால், பாகம் யார் கையிலிருந்து வந்தாலும் வேலை நேர்மையாக நடக்கும்.

லாரிப் பட்டறையின் பழைய வழக்கம்

இப்பகுதிக்கும் மோட்டார் வாகனத்துக்கும் உள்ள உறவு நெடியது. 1948-இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பாகங்களிலிருந்து பொருத்தி விற்று, 1955-இல் அசோக் லேலண்ட் என்ற பெயர் பெற்று, லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் உரிய ஆலையாக வளர்ந்தது. அதே 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்து உருவாக்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிளைத் தயாரித்தது. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, தேய்ந்த டயருக்குப் புது முகம் ஒட்டப் பயன்படும் ‘ட்ரெட் ரப்பர்’ தயாரிப்புக்கும், அதன்பின் டயர் தயாரிப்புக்கும் முன்னேறியது. இவ்வாலைகளைச் சுற்றி லேத் கடைகளும், வெல்டிங் கடைகளும், டிங்கரிங் கடைகளும், மெக்கானிக் பட்டறைகளும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் கிளைத்தெருக்களிலும் பெருகின.

சென்னைத் துறைமுகத்துக்கும், 2001-இல் இயங்கத் தொடங்கி 2014-இல் காமராசர் பெயர் பெற்ற எண்ணூர்த் துறைமுகத்துக்கும் சரக்குப் பெட்டகங்களை ஏற்றிச் செல்லும் டிரெய்லர் லாரிகளின் உலகில், பாகத்தை உரிமையாளரே வாங்கித் தருவது நெடுங்கால நடைமுறை. மெக்கானிக் வண்டியைப் பார்த்து, என்னென்ன மாற்ற வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதித் தருவார்; ஓட்டுநரோ உரிமையாளரோ அந்தச் சீட்டுடன் கடைக்குப் போய் வாங்கி வருவார்; வேலை முடிந்ததும் மெக்கானிக் தம் கூலியைப் பெறுவார்; கழற்றிய பழைய பாகம், பழைய இரும்புக் கடையில் அதற்கும் ஒரு விலை உண்டு என்பதால், உரிமையாளரிடமே திரும்பும். இம்முறையிலும் குறை உண்டு. குறிப்பிட்ட கடைக்கே சீட்டு எழுதி அனுப்பும் மெக்கானிக்குக் கடைக்காரர் கமிஷன் கொடுப்பது ஊரறிந்த செய்தி. அந்தக் கமிஷன் கடைசியில் உரிமையாளர் தலையில்தான் விடியும். ஆயினும் பாகத்தின் விலை வேறு, வேலையின் விலை வேறு என்ற தெளிவு அம்முறையின் அடிப்படையில் இருக்கிறது.

கார்களின் உலகம் வேறு வழியில் வளர்ந்தது. அங்கீகார சேவை மையத்தில் பழுதைக் கண்டுபிடிப்பது, பாகத்தை வழங்குவது, பொருத்துவது ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் நடந்து ஒரே ரசீதில் முடிகின்றன. தெருமுனைக் கார்ப் பட்டறைகளும் நாளடைவில் அதே வழிக்கு வந்தன. கூலியைக் குறைத்துச் சொன்னால்தான் வாடிக்கையாளர் வருவார் என்பதால் கூலி தாழ்ந்தே நின்றது. அதை ஈடுகட்டும் வருவாய் பாகத்தின் மீது வைக்கும் லாபத்திலிருந்து வந்தது. கைபேசியிலேயே பாகத்தின் விலையைப் பார்த்து, வீட்டுக்கே வரவழைக்கும் வசதி வந்தபோது இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது.

இச்சிக்கல் வட சென்னையில் கூடுதல் அழுத்தம் பெறுவதற்குக் காரணம் உண்டு. கடலோர உப்புக்காற்று பிரேக் குழாய்களையும் சைலன்சரையும் அடித்தட்டையும் அரிக்கிறது. டிரெய்லர்கள் ஓடித் தேய்ந்த சாலைகள் சஸ்பென்ஷன் எனப்படும் அதிர்வுதாங்கும் அமைப்பின் புஷ்களையும் பால் ஜாயிண்ட்களையும் விரைவில் தளர்த்துகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வந்ததைப் போன்ற வெள்ளம் ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், வீல் பேரிங் ஆகியவற்றுக்குள் புகுந்து அவற்றின் ஆயுளைக் குறைக்கிறது. காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றும் ‘குட்டி யானை’ எனப்படும் சிறு சரக்கு வண்டியின் ஓட்டுநருக்கும், வாடகைக் கார் ஓட்டித் தவணை கட்டுபவருக்கும் வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமான இழப்பு. பாகத்தில் மிச்சமாகும் சில நூறு ரூபாய் அவர்கள் வீட்டுச் செலவுக்குப் போகும் பணம். அதேபோல், ஷட்டர் போட்ட ஒரு கடை வாடகைக்கும் இரண்டு உதவியாளர் சம்பளத்துக்கும் வழிதேடும் மெக்கானிக்குக்கும் அந்தச் சில நூறு ரூபாய்தான் வாழ்க்கை. இரண்டு எளியவர்களுக்கிடையே நடக்கும் பிணக்கு இது என்பதாலேயே, அதற்கு நியாயமான தீர்வு தேட வேண்டிய கடமை கூடுகிறது.

பாகங்களின் வகைகளும் ஏமாற்றின் வாய்ப்பும்

சந்தையில் கிடைக்கும் பாகங்களை ஐந்து வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, கார் நிறுவனத்தின் பெயர் பொறித்த உறையில் வருவது. பட்டறை வழக்கில் ‘ஜெனியூன்’ எனப்படுவது இதுவே. இரண்டாவது, கார் நிறுவனத்துக்குப் பாகம் தயாரித்துக் கொடுக்கும் நிறுவனமே அதைத் தன் சொந்தப் பெயரில் விற்பது. பாடியில் 1960-களின் தொடக்கத்தில் உருவான லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, செம்பியத்தில் 1949 முதல் இயங்கிய இந்தியா பிஸ்டன்ஸ் போன்றவை இவ்வகைத் தொழிலுக்குச் சென்னையை உலக அளவில் அறியச் செய்தவை. மூன்றாவது, கார் நிறுவனத்தோடு தொடர்பில்லாத தயாரிப்பாளர் நேர்மையாகத் தன் பெயரிலேயே செய்து விற்கும் மாற்றுப் பாகம். நான்காவது, இன்னொருவர் பெயரைத் திருடி ஒட்டிய போலி. இதைத்தான் ‘டூப்ளிகேட்’ என்கின்றனர். ஐந்தாவது, பழைய வண்டியிலிருந்து கழற்றி விற்கப்படும் பாகம். இதற்குப் புதுப்பேட்டைச் சந்தை பெயர் பெற்றது.

முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் இடையே விலை வேறுபாடு கணிசமாக இருக்கலாம். ஒரே ஆலையில் உருவாகி, உறை மட்டும் மாறும் பாகங்களும் உண்டு. ஆனால் ஒரே தயாரிப்பாளரின் பெயர் இருப்பதாலேயே இரண்டும் ஒன்று என்று முடிவுகட்டவும் இயலாது. கார் நிறுவனம் கேட்ட அளவும் கலவையும் வேறாக இருக்கலாம். ஒரே பெயருடைய காரில் ஆண்டுக்கு ஆண்டும், பெட்ரோல், டீசல் வேறுபாட்டாலும், உயர்நிலை, அடிப்படை மாதிரி வேறுபாட்டாலும் பாக எண் மாறுகிறது. அடிச்சட்டத்தில் பொறித்த ‘சேசிஸ் எண்’ணைக் கொண்டு பாக எண்ணை உறுதிப்படுத்தாமல், காரின் பெயரை மட்டும் சொல்லி வாங்கி வரும் பாகம் பொருந்தாமல் போவது இதனால்தான். பொருந்தாத பாகத்துடன் பட்டறையில் பிரித்துப் போட்டு நிற்கும் வண்டி, அடுத்த வண்டிக்குரிய இடத்தை அடைத்துக்கொண்டு மெக்கானிக்கின் ஒரு நாள் வருவாயை விழுங்குகிறது.

போலியை இனங்காண்பதில் சட்டம் ஓரளவு துணை செய்கிறது. 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு, பொதியப்பட்ட பண்டங்கள் விதிகளின்படி, விற்பனைக்கு வரும் உறையின் மேல் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரித்த மாதம், ஆண்டு, அனைத்து வரிகளும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை, நுகர்வோர் தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும். அச்சு மங்கலாகவும் எழுத்துப்பிழையோடும் இருப்பது, விலைச்சீட்டின் மேல் இன்னொரு சீட்டு ஒட்டியிருப்பது, உறையில் உள்ள எண்ணும் பாகத்தில் பொறித்த எண்ணும் வேறுபடுவது ஆகியவை சந்தேகத்துக்கு இடம் தருபவை. 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டத்தின் 103-ஆம் பிரிவு, போலி வணிகக் குறி இடுவோருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. ஆயினும் பிரேக் பேடின் உராய்வுக் கலவை எத்தகையது, பேரிங்கின் எஃகு எத்தனை கடினமானது என்பதைக் கண்ணால் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. அந்த அறியாமையின் விலையை யார் கொடுப்பது என்பதில்தான் சண்டை முற்றுகிறது.

சிறு பாகம், பெரு வேலை

பட்டறைக்காரர் ஏன் தயங்குகிறார் என்பதை அறிய, கிளட்ச் மாற்றும் வேலையைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தேவைக்கேற்ப இணைத்தும் பிரித்தும் விடும் இந்த அமைப்பு, உராய்வுத் தகடு, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், கிளட்ச் பெடலை மிதிக்கும்போது அழுத்தத்தை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் ஆகிய மூன்றையும் கொண்டது. முன்சக்கர இயக்கமுள்ள இன்றைய சிறிய கார்களில் இதை எட்டுவதற்கே கியர் ஆயிலை வடித்து, இருபுற ஆக்ஸிலையும் உருவி, பேட்டரியையும் அதன் தட்டையும் அகற்றி, எஞ்சினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, தாங்கிகளைக் கழற்றி, கியர்பாக்ஸைப் பையக் கீழிறக்க வேண்டும். புதிய தகடுகளை நடுமையம் பிசகாமல் பொருத்திய பின் அத்தனையையும் மீண்டும் மேலேற்ற வேண்டும். இந்த வேலை முழுவதற்கும் நடுவே உள்ளங்கையில் அடங்கும் அந்த ரிலீஸ் பேரிங், மூன்று பாகங்களிலும் விலை குறைந்தது. அது போலியாக இருந்து சில வாரங்களில் கத்தத் தொடங்கினால், சில நூறு ரூபாய்ப் பாகத்துக்காக நாள் முழுவதும் செய்த வேலையை முதலிலிருந்து திரும்பச் செய்ய நேரும்.

டைமிங் பெல்ட் இன்னும் கடுமையான எடுத்துக்காட்டு. எஞ்சினுக்குள் பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று மோதாமல் முறைப்படி இயங்குமாறு காக்கும் இந்தப் பல்வார் அறுந்தாலோ, அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் உருளை இறுகி நின்றாலோ, பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வை முட்டி வளைத்துவிடும். அதன்பின் எஞ்சின் தலைப்பகுதியையே பிரிக்க வேண்டியிருக்கும். வைப்பர் பிளேடையோ, ஏர் ஃபில்டரையோ, பல்பையோ உரிமையாளர் வாங்கி வருவதையும் இத்தகைய பாகங்களை வாங்கி வருவதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. பாகத்தின் விலையைவிட அதைப் பொருத்தும் வேலை எத்தனை பெரியது, அது தவறினால் விளையும் சேதம் எத்தனை பெரியது என்ற இரண்டு அளவுகோல்களே, வெளியிலிருந்து வரும் பாகத்தை ஏற்பதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவை.

சட்டம் எதைச் சொல்கிறது

இந்தியாவில் உதிரிபாக உரிமை பற்றிய மிக முக்கியமான ஆணை, வணிகப் போட்டியை நிறுவனங்கள் நசுக்காமல் காக்கும் அமைப்பான இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று பிறப்பித்தது. 2011-இல் ஒரு தனிநபர் அளித்த தகவலின் பேரில் தொடங்கிய அவ்விசாரணை, மூன்று நிறுவனங்களிலிருந்து விரிந்து 17 கார் நிறுவனங்களை உள்ளடக்கியது. தங்கள் காருக்குரிய அசல் பாகங்களும், பழுதைக் கண்டறியும் கருவிகளும், தொழில்நுட்ப விவரங்களும் தனிப் பட்டறைகளுக்குக் கிடைக்காதவாறு நிறுவனங்கள் தடுத்தன என்று முடிவுசெய்த ஆணையம், 14 நிறுவனங்களுக்கு அவற்றின் சராசரி விற்றுமுதலில் 2% என்ற கணக்கில் மொத்தம் ரூ.2,544.65 கோடி அபராதம் விதித்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஆலை கொண்ட ஹூண்டாய், விசாரணையை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த மனு 2015 பிப்ரவரியில் தள்ளுபடியாகி, அதே ஆண்டு ஜூலையில் அந்நிறுவனத்துக்கும் ரூ.420.26 கோடி அபராதம் விதிக்கப்பட்டது. 2016 டிசம்பரில், மூன்று நிறுவனங்களின் மேல்முறையீட்டை விசாரித்த போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், விதிமீறல் நடந்தது என்ற முடிவை ஏற்று, அபராதத்தைக் கணக்கிடும் அடிப்படையைக் குறைத்தது.

அந்த ஆணையில் சாதாரண உரிமையாளருக்குப் பயன்படும் பகுதி வாரண்டி பற்றியது. வெளிப் பட்டறையில் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக முழு வாரண்டியையும் ரத்துசெய்யும் நிபந்தனை கூடாது. அந்த வெளிவேலையின் குறையால் சேதம் நேர்ந்தால் மட்டுமே, அச்சேதத்தின் அளவில் மறுக்கலாம் என்பது அதன் சாரம். அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டம், குறிப்பிட்ட நிறுவனத்தின் பாகத்தையே பயன்படுத்த வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை போடுவதைப் பொதுவாகத் தடை செய்கிறது. மாசசூசெட்ஸ் மாநில மக்கள், பழுதுபார்க்கும் விவரங்களைத் தனிப் பட்டறைகளுக்கும் வழங்க வேண்டும் என்று 2012-இல் வாக்களித்தே சட்டம் கொண்டுவந்தனர். இந்தியாவில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை பற்றிக் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று, மோட்டார் வாகனத் துறையையும் உள்ளடக்கிய ஓர் இணைய வாயிலைத் தொடங்கியது.

இவை அனைத்தும் கார் நிறுவனங்களை மட்டுமே நோக்கியவை. தெருமுனைப் பட்டறைக்காரர் உரிமையாளர் கொண்டுவரும் பாகத்தைப் பொருத்தியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. அது இருவரும் பேசி முடிக்கும் ஒப்பந்தம். ஆனால் ஒப்புக்கொண்டு வண்டியை வாங்கி நிறுத்திய கணத்திலிருந்து 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. பிறர் பொருளைக் குறிப்பிட்ட நோக்கத்துக்காகப் பெற்று, நோக்கம் முடிந்ததும் திருப்பித் தரும் இந்த உறவைச் சட்டம் ‘ஒப்படைப்பு’ என்ற வகையில் சேர்க்கிறது. 151-ஆம் பிரிவின்படி, சாதாரண முன்யோசனையுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காப்பதைப்போல் பட்டறைக்காரர் அந்த வண்டியைக் காக்க வேண்டும். 170-ஆம் பிரிவின்படி, தம் உழைப்பையோ திறனையோ செலவிட்ட அவர், மாறாக ஒப்பந்தம் இல்லாதவிடத்து, கூலி கிடைக்கும்வரை வண்டியைத் தம்மிடம் வைத்திருக்கலாம். உழைப்புக்கு அச்சட்டம் 150 ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்த மதிப்பு அது.

2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் குறையால் விளையும் தீங்குக்குத் தயாரிப்பாளர், விற்பனையாளர், சேவை வழங்குபவர் ஆகிய மூவருக்கும் தனித்தனிப் பொறுப்பு வகுக்கிறது. பாகத்தில் உற்பத்திக் குறை இருந்தால் தயாரிப்பாளர் பதில் சொல்ல வேண்டும். சேவை வழங்குபவர் குறைபாடான சேவைக்கும், கவனக்குறைவுக்கும், தீங்கைத் தவிர்க்கப் போதிய எச்சரிக்கை தராததற்கும் பொறுப்பாவார். ‘பாகம் உங்களுடையது, எனக்குப் பொறுப்பில்லை’ என்று மெக்கானிக் சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடாது என்பதை இந்தக் கடைசிப் பகுதி உணர்த்துகிறது. கையில் வாங்கிய பிரேக் பேடில் விரிசல் தெரிந்தும் வாய் திறக்காமல் பொருத்தித் தருபவர், அதை விற்றவர் தாமல்ல என்பதால் மட்டும் தப்ப முடியாது. உரிமையாளரும், ரசீது இல்லாமல் வாங்கிய பாகத்துக்காகக் கடைக்காரரையோ தயாரிப்பாளரையோ எளிதில் கேள்வி கேட்க இயலாது. 2025 செப்டம்பர் 22 முதல், அதுவரை 28% ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்ட வாகனப் பாகங்கள் 18% வரம்புக்குள் வந்துவிட்ட நிலையில், வரியை மிச்சம் பிடிப்பதாகச் சொல்லி ரசீதைத் தவிர்ப்பதற்கான சாக்கும் சுருங்கிவிட்டது.

மறைந்திருக்கும் கூலியின் கணக்கு

புரிதலுக்காக ஒரு கணக்கைக் கொள்வோம். ஒரு கிளட்ச் செட்டின் உறை விலை ரூ.6,000, பட்டறைக்குக் கடைக்காரர் தரும் தள்ளுபடி விலை ரூ.4,800, கூலி ரூ.3,000. உரிமையாளருக்கு ரூ.9,000 ரசீது வரும். பட்டறையின் உண்மையான வருவாய் கூலியும் பாக லாபமுமாக ரூ.4,200. உரிமையாளர் அதே பாகத்தை ரூ.5,000-க்குத் தாமே வாங்கி வந்தால், அவருக்கு ரூ.1,000 மிச்சம்; அதே வேலையைச் செய்த பட்டறைக்கு ரூ.1,200 இழப்பு. இப்போது கூலியை வெளிப்படையாக ரூ.4,000 என்று வைத்து, பாகத்தை வாங்கிவரும் சிரமத்துக்கு ரூ.200 மட்டும் சேர்த்து ரூ.5,000-க்குப் பட்டறை கொடுப்பதாகக் கொண்டால், பாகத்தை யார் வாங்கினாலும் உரிமையாளருக்கு ஆகும் மொத்தம் ரூ.9,000-தான். பட்டறைக்குக் கிடைப்பதும் ஏறத்தாழ ஒன்றே. பாகத்தை யார் வாங்குவது என்ற கேள்வியிலிருந்து பகை நீங்கி, யாரை நம்புவது, எது வசதி என்ற இயல்பான தேர்வு மட்டும் மிஞ்சும்.

துணி எடுத்துக் கொடுத்துத் தையற்கூலி தருவதில் தையல்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் எந்தச் சங்கடமும் இல்லாதிருப்பதற்குக் காரணம், அங்கே கூலி முதலிலிருந்தே தனியாகவும் முழுமையாகவும் சொல்லப்படுவதுதான். கார்ப் பட்டறையில் கூலியின் ஒரு பகுதி மறைந்திருப்பதால், வாடிக்கையாளர் பாகத்துடன் வரும்போது மெக்கானிக்கின் கூலியில் அந்தப் பகுதியை அறியாமலே வெட்டிவிடுகிறார். மெக்கானிக்கோ அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் பாகத்தின் தரத்தைக் குறை கூறுகிறார். இருவருக்குமிடையே நம்பிக்கை முறிவது இந்த இடத்தில்தான்.

இதைவிட ஆழமான ஒரு கேடும் உண்டு. பாகம் விற்றால்தான் வருவாய் என்றாகிவிட்ட பட்டறையில், பழுதுபார்க்கும் திறனுக்கு மதிப்புக் குறைந்து, மாற்றிப் போடும் வேகத்துக்கு மதிப்புக் கூடுகிறது. கார்பன் பிரஷ்ஷும் பேரிங்கும் மாற்றினால் மறுபடி ஓடக்கூடிய ஆல்டர்னேட்டர் முழுதாகத் தூக்கி எறியப்படுகிறது. ரப்பர் பூட் கிழிந்ததும் கிரீஸ் அடைத்துப் புதுப் பூட் போட்டுக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஆக்ஸில், முழுதாக மாற்றப்படுகிறது. லேத்தில் கொடுத்துக் கடைந்து எடுத்தால் பயன்படக்கூடிய பிரேக் டிரம்முக்குப் பதில் புதியது வருகிறது. கூலி நியாயமாக இருந்தால், பழையதைச் சரிசெய்ய அரை நாள் செலவிடுவது மெக்கானிக்குக் கட்டுபடியாகும். உரிமையாளருக்கும் செலவு குறையும். ஆலைத் தொழிலையும் கைத்தொழிலையும் அருகருகே வளர்த்த இப்பகுதியின் லேத் கடைகளும் வைண்டிங் கடைகளும் பிழைத்திருப்பதும் அதையே பொறுத்தது.

உழைப்பின் விலையை உரக்கச் சொல்வதற்கு வட சென்னைக்கு வரலாற்று உரிமை உண்டு. பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாக மதிக்கப்படுகிறது. ஆலை வாசலில் வென்றெடுத்த அந்த உரிமை, சங்கமோ சம்பளச் சீட்டோ இல்லாத பட்டறைத் தொழிலாளியை இன்னும் வந்தடையவில்லை. தம் உழைப்பை வேறொரு பொருளின் விலைக்குள் ஒளித்து விற்க வேண்டிய நிலையில் ஒரு தொழிலாளி இருப்பது, அவருடைய தொழிலுக்கு உரிய மரியாதை தரப்படவில்லை என்பதையே காட்டுகிறது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஒவ்வொரு பட்டறையும் வழக்கமான வேலைகளுக்குரிய கூலியைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். பட்டறைப் பாகத்துக்கு ஒரு கூலி, வெளிப் பாகத்துக்கு ஒரு கூலி என்று இரண்டு வைப்பதானாலும் அதையும் ஒளிக்காமல் எழுதலாம். பாகத்தின் மீது லாபம் வைப்பது குற்றமல்ல; தேடி அலைந்து சரியான பாகத்தை வாங்கிவந்து, அது பழுதானால் மாற்றித் தரும் பொறுப்பையும் ஏற்பவருக்கு அதற்குரிய ஊதியம் சேர வேண்டும். அது எவ்வளவு என்று இரு தரப்புக்கும் தெரிந்திருப்பதே வேண்டப்படுவது.

இரண்டாவதாக, ‘ஜாப் கார்டு’ எனப்படும் வேலைச்சீட்டு இல்லாமல் எந்த வண்டியையும் பிரிக்கக் கூடாது. பழுதைக் கண்டறிந்தவர் யார், பாகத்தை வாங்கியவர் யார், அதன் எண்ணும் ரசீது எண்ணும் என்ன என்பவை அதில் இடம்பெற வேண்டும். பாகத்தின் குறைக்கு விற்றவரும் தயாரித்தவரும், பொருத்தியதில் நேர்ந்த குறைக்குப் பட்டறையும், பழுதைத் தவறாகக் கணித்ததற்குக் கணித்தவரும் பொறுப்பு என்று மூன்று வரிகளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டால் பிற்காலச் சச்சரவுகளில் பெரும்பகுதி எழாது. உரிமையாளர் தந்த பாகம் பழுதாகி வேலையைத் திரும்பச் செய்ய நேர்ந்தால், அந்த இரண்டாம் கூலியை அவரே தர வேண்டும் என்பதும் அங்கேயே எழுதப்பட வேண்டும். கழற்றிய பழைய பாகத்தை உரிமையாளரிடம் காட்டித் திருப்பித் தரும் லாரிப் பட்டறை வழக்கம், கார்ப் பட்டறைகளுக்கும் வர வேண்டும்.

மூன்றாவதாக, பிரேக், ஸ்டீரிங், டயர், ஏர்பேக் ஆகிய உயிர்காக்கும் பாகங்களில், சந்தேகத்துக்குரியதை மறுக்கும் உரிமை மெக்கானிக்குக்கு முழுமையாக இருக்க வேண்டும். மறுப்பதை அவருடைய கடமை என்றே கொள்ளலாம். வெடிப்பொருளால் விரியும் ஏர்பேக்கைப் பழைய வண்டியிலிருந்து கழற்றி இன்னொன்றில் பொருத்துவது எந்த விலைக்கும் தகாது. டயரில் கட்டாயமாக்கப்பட்ட ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தயாரித்த வாரம், ஆண்டு குறிக்கும் எண்ணும் பார்க்கப்பட வேண்டும்.

நான்காவதாக, உரிமையாளர்களுக்கும் ஒழுங்கு வேண்டும். வண்டியை மெக்கானிக் பார்த்துப் பழுது உறுதியான பிறகே பாகம் வாங்க வேண்டும்; பாகம் கொண்டுவருவதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்; பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கும்வரை உறையையும் ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும்; பாகத்தில் மிச்சம் பிடித்த பின் கூலியிலும் பேரம் பேசும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். உதிரிபாகக் கடைக்காரர்களும், பொருந்தாத பாகத்தை ரசீதுடன் குறிப்பிட்ட நாட்களுக்குள் திருப்பிப் பெறும் விதியைக் கடையில் எழுதி வைக்கலாம்; மெக்கானிக்குக்கு மறைமுகமாகத் தரும் கமிஷனை உரிமையாளருக்கு நேரடித் தள்ளுபடியாக மாற்றலாம்.

அரசின் கடமை இவற்றைவிடப் பெரியது. பாகங்களும், பழுதறியும் கருவிகளும், செய்முறைக் கையேடுகளும் நியாயமான விலையில் தனிப் பட்டறைகளுக்குக் கிடைக்கச் செய்யும் பழுதுபார்க்கும் உரிமை, தகவல் தரும் இணைய வாயிலோடு நின்றுவிடாமல் தண்டனையோடு கூடிய சட்டமாக வேண்டும். பட்டறையிலேயே தொழில் கற்றவர்களின் திறனை அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் சோதித்துச் சான்றளித்தால், அவர்கள் கேட்கும் கூலிக்கு ஓர் ஆதாரம் கிடைக்கும். மின்சாரக் கார்கள் பெருகும் காலத்தில் பாகங்கள் மென்பொருளால் பூட்டப்பட்டு, நிறுவனம் அனுமதித்தால் மட்டுமே இயங்கும் நிலை வலுப்பெறும். அப்போது உரிமையாளரும் தெருமுனை மெக்கானிக்கும் ஒரே பக்கம் நிற்க வேண்டியவர்கள். கூலிக்கு நேரான விலையும் பாகத்துக்கு நேரான ரசீதும் இருவரிடையே இன்றே வழக்கமாகிவிட்டால், நாளை அந்தப் பெரிய உரிமைக்காக அவர்கள் சேர்ந்து குரல் கொடுக்க முடியும். அதற்கான முதல் அடியைச் சட்டம் வரும்வரை காத்திராமல், வட சென்னைப் பட்டறைகள் தங்கள் கூலிப் பலகையை எழுதி மாட்டுவதிலிருந்தே தொடங்கலாம்.